தங்கச்சி வீட்டு ஜப்பான் மெஷின்

ரவாங் போகும் கொமுட்டர் ரயிலில், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு வருஷம் ஜப்பான் மொழி படிச்சது நான். ஜப்பான் கேம் விளையாடுறது என் தங்கச்சி" என்றார் கண்ணாடி போட்டவர். நான் கையிலிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன்.

"உங்கிட்டயும் அதே கேம் மெஷின் இருக்குல்ல?" என்று தோழி கேட்டார்.

"இருக்கு. ஆனா இங்க வாங்கினது. ஜப்பான் கேம் போட்டா எடுக்காதுலா, ரீஜன் லாக், அந்தந்த நாட்டு கேம்தான் ஓடும். அவ புருஷன் வேலையா ஜப்பான் போனவரு அங்கயே ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு. 'உன் மெஷின்லதான் ஓடாதே, சும்மாதானே கெடக்கு'ன்னு ஓடாதுன்னு தெரியாம நான் ஆசையா வாங்கி வெச்ச கேமையும் எடுத்துட்டுப் போயிட்டா."

"அவளுக்கு ஜப்பான் மொழி தெரியுமா?"

"ஒரு எழுத்து தெரியாது. திரையில வர்ற ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து அனுப்புவா, நான் அர்த்தம் சொல்லணும். மூணு மாசமா இதே வேலை. இப்போ கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டாளாம்."

செகாம்புட் ஸ்டேஷன் தாண்டும்போது அவர் போன் அதிர்ந்தது. வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"எதையோ தெரியாம அமுக்கிட்டா. இதுவரைக்கும் விளையாடினது எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது. மேல ஆமாம், கீழ வேண்டாம்."

"ஐயோ, சீக்கிரம் சொல்லுடி."

கண்ணாடிக்காரர் நிதானமாக டைப் செய்தார். செய்ததை வாய்விட்டும் படித்தார்.

"மேல இருக்கிறத அமுக்கு, கண்ணு."