மாப்பிள்ளை விட்ட தண்ணீர்

என் மாமனார் தங்கமுத்து யாரையும் சட்டென்று வீட்டுக்குள் அழைத்துவிட மாட்டார், ஐயா. நான் குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். அவர்கள் விவசாயக் குடும்பம். அவர் மகள் அன்புச்செல்வி என்னை விரும்பிக் கட்டிக்கொண்டதிலிருந்து அந்த வாசலில் நாங்கள் கால் வைக்கவில்லை. அப்பாவை நினைத்து அவள் அழும்போது நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு நான் மேலாளர். சுத்தமான நீர் வயலுக்குப் போகப் போக, மீட்டர் கணக்குப்படி எங்களுக்கு வாட்டர் கிரெடிட் சேரும். தண்ணீரை அதிகம் செலவழிக்கும் ஆலைகள் தங்கள் கணக்கை ஈடுகட்ட அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். அந்த வருமானத்தில்தான் நிலையமே ஓடியது. நீரை எடுத்துக்கொள்ள வயல் வேண்டும். மாமனாரின் வறண்டு கிடந்த காட்டு வயலுக்கே குழாய் போட்டேன்.

அவர் நட்டிருந்த மஞ்சள் தழைத்தது. "ஏனுங்க மாப்ள, ஊட்டுக்கு வராமயே போறீங்க?" என்றார். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகையில் அன்புச்செல்வி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அது பாசனத்துக்கு மட்டுமான நீர். மாமனாரோ பம்புசெட்டில் குடிப்பது போலவே குழாய் வாயில் கையேந்திக் குடிப்பார். குடிக்கக் கூடாதென்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒருநாள் போனேன். பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன், "மாப்ள தண்ணின்னா தனி ருசியாட்ட இருக்குதுங்களா?" என்று கேலி செய்துகொண்டிருந்தார். மாமனார் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். நான் சொல்லவில்லை.

போன கோடையில் சாயநீரை வடிகட்டும் சவ்வுகள் பழுதாயின. நிறுத்தினால் கிரெடிட் இல்லை, மஞ்சளும் காய்ந்துவிடும். சாயநீரில் பிளீச்சிங் கலந்து நிறத்தை மட்டும் போக்கி அனுப்பினேன். மீட்டருக்கு அளவுதான் தெரியும். பரிசோதனைக்கு வந்தவர்களிடம் என் வீட்டுக் குடிநீரைப் பிடித்துக் கொடுத்தேன். இலை நுனிகள் கருகியபோது வெயில் என்றேன்.

"கொஞ்சம் கரிக்குதுங்களே மாப்ள."

"சத்துங்க மாமா."

இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

மாமனாருக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் பழுது என்றார்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காட்டுக்குத் தண்ணிய நிறுத்திராதீங்க சாமி" என்றார். நிறுத்தவில்லை. வீடு திரும்பியும் குடிக்க அந்தத் தண்ணீரையே கேட்டார். நானே சொம்பில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். தை பிறந்ததும் போய்ச் சேர்ந்தார்.

வெட்கமாக இருக்கிறது, ஐயா. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம். அவ்வளவு ஆசையாகக் குடிப்பவரை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.