பத்தில் ஒரு பங்கு

வாயாடி: அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம் ஆச்சு. வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டி, கோட்டான்.

கோட்டான்: கெப்பாசிட்டரை மாத்திப் பார்ப்போம்.

வாயாடி: மூணு தடவை மாத்தியாச்சு. டிரான்சிஸ்டரும் மூணாவது. இதுக்கும் ஒரு கால் இப்பவோ அப்பவோன்னு தொங்குது.

கோட்டான்: அப்ப நாலாவது...

வாயாடி: போடி. சிக்னலை நூறு மடங்கு பெருக்கற ஆம்ப்ளிஃபயர்னு கட்டினா, ஸ்கோப்புத் திரையில பத்து மடங்கோட நிக்குது. கணக்குப் போட்டது யாரு? நான். கோளாறு எங்க? என் மண்டையில.

கோட்டான்: உன் கணக்கை நானும் பார்த்தேன்.

வாயாடி: பார்த்து?

கோட்டான்: கையெழுத்துதான் மோசம்.

வாயாடி: ஐயோ, கோட்டான் ஜோக்கடிக்குது! மணி என்ன?

கோட்டான்: நாலு நாப்பது.

வாயாடி: மத்தியானத்துலேர்ந்து தலைபாடா அடிச்சுக்கறேன், இது ஓடினதும் நான் காலேஜ் ஆபீசுக்கு ஓடணும்னு. அஞ்சு மணிக்குக் கவுண்டரைச் சாத்திடுவாங்க.

கோட்டான்: எதுக்கு ஆபீசு?

வாயாடி: சும்மா... ஒரு ஃபார்ம்.

கோட்டான்: படிப்பை நிறுத்திக்கறேன்னு எழுதின ஃபார்மா?

வாயாடி: உனக்கு எப்படித் தெரியும்?

கோட்டான்: நீ சாப்பிடப் போனப்ப நோட்டு திறந்து கெடந்துச்சு.

வாயாடி: பார்த்துட்டு இவ்வளவு நேரம் கம்முனு இருந்தியா!

கோட்டான்: நீயும்தான் கம்முனு இருந்த.

வாயாடி: என்னத்தைச் சொல்ல? ரெண்டு பரீட்சை, அம்பதுக்குப் பதினொண்ணு, அம்பதுக்கு ஒன்பது. இந்த அனலாக் சர்க்யூட் பாடம் எனக்கு வராது. ஃபார்ம் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள்.

கோட்டான்: வீட்டுல?

வாயாடி: அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. "உனக்கு வரலைன்னா விட்டுடும்மா"ன்னாரு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

கோட்டான்: அப்ப போய்க் குடுத்திருக்கலாமே. ஏன் இங்க உக்காந்திருக்க?

வாயாடி: உனக்காகத்தான், வேற எதுக்கு? நாளைக்குக் காலையில புரொபசர் வந்து பார்க்கறப்ப இது ஓடலைன்னா உனக்கும் முட்டைதான். உன்னை நட்டாத்துல விட்டுட்டுப் போக மனசு வரலை. இது ஓடட்டும், அடுத்த நிமிஷம் கெளம்பிடுவேன்.

கோட்டான்: சரி. ரெசிஸ்டரை எல்லாம் கழட்டு.

வாயாடி: எல்லாத்தையுமா? அளந்துதானே போட்டோம்!

கோட்டான்: இன்னொரு தடவை அளப்போம். ஒண்ணொண்ணா.

வாயாடி: உனக்கு ஈவு இரக்கமே இல்லடி... இந்தா. இது சரி. இதுவும் சரி. இது... சரி. எல்லாம் சரியா இருக்கறதுதான் எரிச்சலா இருக்கு.

கோட்டான்: திருப்பி மாட்டு. மெதுவா.

வாயாடி: மாட்டியாச்சு. அதே பத்து. மணி நாலு அம்பத்தஞ்சு. நான் ஓடிப் போய்க் குடுத்துட்டு...

கோட்டான்: இந்த ஒயரைப் பிடி.

வாயாடி: எதுக்கு?

கோட்டான்: விட்டா கழண்டுடும்.

வாயாடி: எவ்வளவு நேரம்?

கோட்டான்: ஒரு நிமிஷம்.

வாயாடி: ஒரு நிமிஷம் ஆச்சு.

கோட்டான்: இன்னும் ஒண்ணு.

வாயாடி: கை வலிக்குதுடி... அது என்ன சத்தம்?

கோட்டான்: ஷட்டரு.

வாயாடி: கீழ... கவுண்டரா?

கோட்டான்: ஆமா.

வாயாடி: போச்சு.

கோட்டான்: ஒயரை விட்டுடு. ஸ்கோப்பு ஒயர் முனையில இருக்கற இந்தப் புரோப்பைக் கொஞ்சம் பாரேன்.

வாயாடி: இனிமே எதைப் பார்த்து என்ன...

கோட்டான்: பக்கவாட்டுல ஒரு குட்டி சுவிட்ச்.

வாயாடி: பத்துன்னு போட்டிருக்கு.

கோட்டான்: அங்க வச்சா, வர்றதுல பத்துல ஒரு பங்கைத்தான் ஸ்கோப்புக்கு அனுப்பும். ஸ்கோப்புக்கு அதை யாரும் சொல்லலை. ஒண்ணுக்குத் தள்ளு.

வாயாடி: தள்ளிட்... ஏய்! திரையைத் தாண்டிப் போகுதுடி! நூறு!

கோட்டான்: நூத்தி ரெண்டு.

வாயாடி: அப்ப என் கணக்கு?

கோட்டான்: சரி.

வாயாடி: காலையில பதினொன்றரைக்குப் போட்டதேவா?

கோட்டான்: அதேதான். நாள் பூரா கழட்டிக் கழட்டி அதையேதான் மாட்டியிருக்கோம்.

வாயாடி: சரியா பத்துல ஒரு பங்குன்னா யாருக்காவது உறைச்சிருக்க வேணாமா? நான் பாட்டுக்கு என்னையே திட்டிக்கிட்டு...

கோட்டான்: அழறியா?

வாயாடி: சிரிக்கறேன். ரெண்டும் சேர்ந்து வருது. ஒண்ணு சொல்லட்டா? ஷட்டர் சத்தம் கேட்டதும் எல்லாம் போச்சுன்னுதான் நெனைச்சேன். இப்ப பாரு, அப்பாடான்னு இருக்கு. தலையிலேர்ந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி.

கோட்டான்: அப்பாவுக்குப் போன் பண்ணு.

வாயாடி: பண்றேன். நான் போட்ட கணக்கு ஓடுதுன்னு சொல்றேன். மத்ததெல்லாம் அப்புறம். நல்லவேளை, இந்தச் சுவிட்ச் முன்னாடியே கண்ணுல பட்டிருந்தா, "சரி, இவ பொழைச்சிக்குவா"ன்னு ஃபார்மை நீட்டிட்டு வந்திருப்பேன்.

கோட்டான்: அது வந்து...

வாயாடி: என்னடி முழிக்கற?

கோட்டான்: திட்ட மாட்டேன்னு சொல்லு.

வாயாடி: எதுக்கு?

கோட்டான்: உன்னைப் பேசி நிறுத்தற அளவுக்கு எனக்கு வாய் கிடையாது.

வாயாடி: அது ஊருக்கே தெரியும். அதுக்கு?

கோட்டான்: அந்தச் சுவிட்சை நான் நாலு பத்துக்கே பார்த்துட்டேன்.