அன்னலட்சுமி மாட்டிய ஆக்ஸல்

– நட்டு அசையுதா அன்னலட்சுமி?

– எங்கங்க, இம்மியும் அசையல.

– இந்தா பாரு, டயர் தரையில இருக்கறப்பவே அத லூஸ் பண்ணிறணும். ஸ்பேனர் நுனியில அந்தத் தண்ணிப் பைப்ப சொருவி ஏறி நில்லு. இந்தக் கை மட்டும் பிளாஸ்டர்ல இல்லேன்னா நான்...

– கை இல்லாட்டி என்னாங்க, அதான் வாய் இருக்கே. கார்ல ஏறி பிரேக்க நல்லா மிதிச்சிக்கங்க. ம்ம்... ம்ம்... கழண்டுருச்சு!

– சபாஷ்! ஜாக்கியப் போட்டுத் தூக்கு. பின் டயருக்குக் கல்லு வச்சியா?

– கல்லும் வச்சாச்சு, அடியில மரக்கட்டையும் குடுத்தாச்சு. டயரும் கழட்டியாச்சு. இனி சொல்லுங்க.

– அந்தப் பக்கத்து வீட்டு நஸீப்ப நெனச்சா வயிறு எரியுது. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நம்ம கார்ல ஒன்னைய ஏத்திக்கிட்டு வந்தான், சந்தோசம். ஆக்ஸல ஒடைக்காம கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கக் கூடாதா? இனிமே அவன் கையில சாவியக் குடுத்தேன்னா என்னைய என்னான்னு கேளு.

– அவரத் திட்டுறத அப்பறம் பாப்போம். காலையில மகளுக்குக் கணக்குப் பரீட்சை. ஏழரைக்கு பன்வில ஸ்கூல்ல நிக்கணும். மண்ணு சரிஞ்சதுலருந்து பஸ்ஸும் மேல வர்றதில்ல.

– தெரியாமயா சொல்றேன்? கீழ இருக்க பால் ஜொயின்டக் கழட்டி, ஹப்ப வெளிய இழு. ஆக்ஸல் நுனி தன்னால விடும்.

– விட்டுருச்சுங்க.

– இந்தா பாரு, நடுவுல புடிச்சு இழுத்துறாத, பிரிஞ்சி போயிரும். கியர்பொக்ஸ் பக்கம் அலவாங்குக் கம்பியக் குடுத்து நெம்பு. பேசின் சட்டிய அடியில வையி, ஓயில் ஊத்தும்.

– நெம்புறேன்... வரமாட்டேங்குது... ஐயோ!

– என்னாச்சு?

– பழைய ஆக்ஸல் வெளிய வந்துருச்சு, மூஞ்செல்லாம் ஓயில்.

– கண்ணுல பட்டுச்சா? போதும், வெளிய வா. நாளைக்கு யாராச்சும் மெக்கானிக் பாஸக் கூட்டியாந்து செய்வோம்.

– நாளைக்குச் செஞ்சா யாருக்குங்க? புள்ள பரீட்சை எழுத வேணாமா? அந்தத் துணியக் குடுங்க. பிலிமத்தலாவை கடையில வாங்குன ஆக்ஸல இப்புடித் தள்ளுங்க.

– பல்லப் பாத்து செருகு. உள்ள போயி டக்குன்னு கேக்கணும்.

– கேக்கல.

– கொஞ்சம் திருப்பித் தள்ளு.

– கேக்கலங்க.

– விட்டுறலாமா?

– பேசாம இருங்க. இருவது வருசம் தேயிலக் கொழுந்துக் கூடை சொமந்த ஒடம்பு இது, இந்த இரும்புக்கா அடங்கும்? தள்ளு... தள்ளு... கேட்டுச்சா?

– கேட்டுச்சு! அடி ராசாத்தி! இனி எல்லாத்தையும் மாட்டு. டயர எறக்கி நட்ட இறுக்கி, அது கழறாம இருக்க பின் ஊசியப் போட மறந்துறாத.

– எல்லாம் ஆச்சுங்க. பின்னும் போட்டுட்டேன், புது ஓயிலும் ஊத்திட்டேன். காலையில யாரு ஓட்டுறது?

– நான்தான், ஒத்தக் கையால.

– அம்புட்டு வளைவுலயும் கியர் மாத்துறப்ப ஸ்டியரிங்க பல்லாலயா புடிப்பீங்க?

– வேற யாரு இருக்கா? நஸீப்பயா கூப்புடச் சொல்ற? ஸ்டியரிங்க முழுசாத் திருப்பி வச்சிக்கிட்டு எக்ஸிலேட்டர அமுக்குனாத்தான் ஆக்ஸல் இப்புடிப் போகும். ஓட்டத் தெரியாதவன்!

– பேக்டரி வளைவுல லொறி ஒண்ணு எதுக்க வந்துருச்சுங்க. பயத்துல அமுக்கிட்டேன்.

– யாரு? நீயா?

– நஸீப் அண்ணன் பக்கத்துல ஒக்காந்துதான் வந்தாரு. ஒங்க திட்ட எனக்காக வாங்கிக்கிட்டாரு, பாவம். அன்னைக்கு ஒங்களப் பாக்க கண்டி வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தது நான்தாங்க. என் லைசன்ஸ் அலுமாரியில இருக்கு, பாத்துட்டு சாவியக் குடுங்க.