ஆறு நாற்பது காபி

காபியை ஆறவிடாமல் குடித்து முடிக்க வேண்டும் என்பது பெரிய ஆசை ஒன்றுமில்லை. தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது பதினோரு ஆண்டுகளாக வாய்க்கவில்லை.

உங்கள் விசாரணைக் குழு இந்த வாரம் அறிக்கையை முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். மெசேஜ்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன, நோயாளிகள்தான் கவனிக்கவில்லை என்று எழுதப்போகிறீர்களாம். முடிப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. தூக்கம் நன்றாகத்தான் வருகிறது.

என் பெயர் காமேஸ்வர ராவ். விசாகப்பட்டினத்தில் இந்த ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் சர்வர் என் பொறுப்பு. சொன்ன நேரத்தில் யாரும் சொல்லாமலே தானாக ஓடும் வேலைகளை அதில் ஏற்றி வைப்பது என் தொழில். நாங்கள் அவற்றை ஜாப் என்போம். மொத்தம் நாற்பத்தாறு ஜாப்கள். அவற்றில் ஒன்று காலை ஆறரைக்கு ஓடுவது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் எங்களிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்க அவர்கள் விழுங்கும் மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரவர் ஊரிலேயே ரத்தம் கொடுப்பார்கள். முடிவுகள் வெளி லேபிலிருந்து ஒரே கோப்பாக எங்களுக்கு வரும். ஆறரை ஜாப் அதை எடுத்துப் படித்து, அளவு தப்பியவர்களின் போனுக்கு 'உடனே வரவும்' என்று மெசேஜ் அனுப்பும். அவ்வளவுதான் வேலை.

லேப்காரர்கள் வாரம் மூன்று நாளாவது கோப்பைக் கோணலாக அனுப்புவார்கள். ஒருவர் பெயருக்கு நடுவில் ஒரு காற்புள்ளி போதும், ஜாப் தோற்றுவிடும். தோற்றால் ஆறு நாற்பதுக்கு என் போன் அடிக்கும். நான் டம்ளரை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த வரியைச் சரிசெய்து, மறுபடி ஓட்டுவேன். இருபது நிமிடம். திரும்பி வந்தால் காபியில் ஏடு படிந்திருக்கும். மனைவி கனகரத்னம் மறுபடி சுட வைப்பாள். சுடவைத்த காபி காபியே இல்லை. ஆள் போடச் சொல்லி மேலே ஏழு முறை எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எனக்கு அலுத்துவிட்டது. இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒவ்வொரு ஜாப்பிலும் ஓர் இடம் உண்டு. தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே கேட்கும். 'தோல்வி என்று அறிவித்து வெளியேறு' என்பது ஒன்று. 'வெற்றி என்று அறிவித்து வெளியேறு' என்பது இன்னொன்று. நான் கண்டுபிடித்தது இல்லை, செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். உகாதி வரைக்கும் என்றுதான் நினைத்தேன். வாரம் ஒருமுறை கோணல் வரிகளை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

மறுநாள் ஆறு நாற்பதுக்குப் போன் அடிக்கவில்லை. காபி கடைசி வாய் வரை சூடாக இருந்தது. கனகரத்னம் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, போனே அடிக்கல? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல. ஜாப் நல்லா ஓடுது."

"அட, அதுக்குக்கூட நல்ல புத்தி வந்திருச்சா."

இருவரும் சிரித்தோம். மொத்தமாகப் பார்க்கும் அந்த வாரம் வரவே இல்லை.

உகாதியன்று பச்சடி தின்ற கையோடு ஒரு நிமிடம் பதிவைத் திறந்தேன். வெற்றி, வெற்றி என்று வரிசையாகப் பச்சைக் குறிகள். அதற்கடுத்த பக்கத்தில், அனுப்பிய மெசேஜ்கள் என்ற இடத்தில், இருபத்திரண்டு நாட்களாக ஒன்றுமே இல்லை. லேப்காரர்கள் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். ஜாப் தினமும் முதல் வரியிலேயே விழுந்து, தினமும் வெற்றி என்று சொல்லிக்கொண்டிருந்தது. சரிசெய்ய அரைமணி நேர வேலை. ஆனால் சரிசெய்தால் ஒரே காலையில் முப்பது பேருக்கு மேல் மெசேஜ் போகும், அத்தனை பேரும் ஓடி வருவார்கள், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். பண்டிகை நாளில் அதை ஆரம்பிக்க மனம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறே வேண்டியதில்லை, ஒரு பச்சைக் குறி போதும்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் மாணிக்யாம்பா ஒருநாள் பூதரேகுலு இனிப்பு டப்பாவோடு என் அறைக்கு வந்தார்.

"ராவு காரு, இந்த மாசம் ஒருத்தர்கூட ஓடி வரல. எல்லாரும் நல்லா இருக்காங்களா, இல்ல உங்க மெஷின் தூங்குதா?"

"பச்சையாத்தான் இருக்கு சிஸ்டர்."

"அந்த சிம்மாசலம் அப்பன்ன சுவாமி புண்ணியம். வாயைத் திறங்க."

இரண்டு சாப்பிட்டேன். நெய் மணம் நன்றாக இருந்தது.

பிறகு அப்பலராஜு வந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். மனைவி பைடிதல்லி கொடுத்த சிறுநீரகத்தில் மூன்று ஆண்டுகளாக வாழ்ந்துவந்தார். ஒருமுறை நள்ளிரவுக் கடலிலிருந்து கரை திரும்பி, எங்கள் மெசேஜைப் பார்த்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்தவர். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் மெசேஜ் பாபு. சிம்மாசலத்தில் சந்தன உற்சவம் முடிந்த மறுநாள், காகிதத்தில் மடித்த சந்தனப் பிரசாதத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மெசேஜ் பாபு, ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, உங்ககிட்டேர்ந்து ஒரு மெசேஜ் இல்ல. மெசேஜ் வரலைன்னா நாம நல்லா இருக்கோம்னுதானே அர்த்தம்? என் பொண்டாட்டி கிட்னி என் வீட்டுக்கு வந்த மருமகளாட்டம் நல்லா ஒட்டிக்கிச்சு. அதுக்கு நேர்ந்துக்கிட்டு பைடிதல்லி நேத்து மலையில மொட்டை போட்டா பாருங்க, கழுத்து வரைக்கும் வேர்வை."

"கொஞ்சம் மெலிஞ்சிருக்கீங்களே."

"வெயில் பாபு. சாயங்காலம் லேசா காய்ச்சல் வருது, போகுது. உங்க மெசேஜ் வந்தா ஓடி வந்துர மாட்டேனா?"

"சந்தோஷம்" என்றேன்.

அவர் நெற்றியில் வைத்துக்கொள்ளச் சொன்ன சந்தனத்தை வைத்துக்கொண்டேன். பத்தொன்பது நாள் கழித்து அவர் இறந்துவிட்டார். மாத்திரை அளவு ஏறி, உடம்பு எதையும் எதிர்க்க முடியாமல் போய், அந்தக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. அவரோடு சேர்த்து நான்கு பேர். மற்ற மூவரை நான் நேரில் பார்த்ததில்லை.

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். முழுதாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆகவே சொல்கிறேன். அப்பலராஜு என் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே கம்ப்யூட்டரில் அவர் பெயரை அடித்து, லேபின் கோப்பில் அவருடைய முடிவைத் திறந்துவிட்டேன். இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. நான்கு நாள் பழைய முடிவு. சிஸ்டரின் அறை என் அறையிலிருந்து நாற்பது அடி. கை காட்டியிருந்தால் போதும். அதைப் பார்த்துக்கொண்டேதான் சந்தோஷம் என்றேன். அவர் போன பிறகு கோப்பை மூடினேன். அவர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது, கெடுக்க வேண்டாமே என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

அவர் இறந்த வாரமே ஜாப்பைச் சரிசெய்தேன். சிஸ்டரும் நீங்களும் கேள்வி கேட்க ஆரம்பிக்கும்முன், அனுப்பாத மெசேஜ்களுக்கு அனுப்பியதாகத் தேதி போட்டுப் பதிவில் ஏற்றினேன். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அப்பலராஜுவின் காரியம் முடிந்த பிறகு பைடிதல்லி வந்தார். தலையில் முடி அரை விரல் வளர்ந்திருந்தது. புருஷனுடைய போனை என் மேசையில் வைத்தார்.

"மெசேஜ் வந்துச்சுன்னு பெரிய டாக்டர் சொல்றாங்க பாபு. பக்கத்து வீட்டுப் பையன் படிச்சுப் பாத்தான், இதுல இல்லையே."

"அனுப்பியிருக்கும்மா. இதோ பாருங்க, பச்சை."

அவருக்குப் படிக்கத் தெரியாது. பச்சையை மட்டும் உற்றுப் பார்த்தார்.

"போன்ல இடமில்ல இடமில்லன்னு காட்டிச்சு பாபு. நான்தான் ஒருநாள் எல்லாத்தையும் அழிச்சேன். அதோட இதுவும் போயிருக்குமா?"

"போயிருக்கலாம்மா."

"கிட்னியைக் கொடுத்த கையாலேயே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனை எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

என் நம்பரைச் சிஸ்டரிடம் வாங்கியிருக்கிறார். மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குப் போன் அடித்தது. "பாபு, எந்தத் தேதி மெசேஜ்? நான் அழிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" ஒரு தேதி சொன்னேன். அடுத்த நாளும் அடித்தது. "பாபு, இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க." துறைமுகத்தில் மீன் கூடை ஏலம் முடிகிற நேரம் அது, அங்கே மீன் வாங்கி விற்கும் அவருக்கு அப்போதுதான் கை ஒழிகிறது. நாற்பத்தோரு நாளாக ஒருநாள் தவறவில்லை. இரண்டு முறை நம்பரைத் தடுத்துப் பார்த்தேன். வேறு யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுகிறார். அழுவதில்லை, திட்டுவதில்லை. கேட்டதையே கேட்கிறார். கனகரத்னம் மறுபடி காபியைச் சுட வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். நான்கு பேரும் என்னால் இறந்தவர்கள். என்ன தண்டனையோ கொடுங்கள், மறுக்கமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். மெசேஜ் போகவே இல்லை, அவர் எதையும் அழிக்கவில்லை என்று பைடிதல்லியிடம் யாராவது இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் காலையில் கூப்பிடமாட்டார் அல்லவா?