அதுல யாருண்ணே வர்றாங்க?

இருங்க இருங்க, பைபிள் வசனத்த அப்புறம் வாசிக்கிறேன்... அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை இருக்கு, கேட்டுருங்க.

நாகர்கோவில்ல செல்வின்ங்கற பேர்ல ஒரு அண்ணன். சபை வாலிபர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின். தெரியும்ல அந்த மாதிரி ஆள? நாம பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடியே வசனம் வந்து விழும். ரோஜாப்பூ படத்தோட!

ஒரு நாள் மத்தியானம், ஜாபேஸ்னு ஒரு தம்பி குரூப்ல மெசேஜ் போடுறான். "என் வைஃப் பெர்சிக்கு குழந்தை பிறந்தாச்சு. ஆனா ரத்தம் நிக்கவே இல்ல. ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேணும். ஜெபிச்சுக்கோங்க."

அவ்வளவுதான்... குரூப்பே பொங்கிருச்சு! ஆமென். ஆமென். கைகூப்புற ஸ்டிக்கர். திரும்ப ஆமென். நம்ம செல்வின் அண்ணன் சும்மா இருப்பாரா? உருக்கமா ஒரு வாய்ஸ் நோட்டு. "ஆண்டவரே, ரத்தம் கொடுக்க ஒரு ஆள எழுப்பும்... இப்பவே எழுப்பும்!" அனுப்பிட்டு... சாப்பிட உக்காந்துட்டாரு.

போன் அடிக்குது. ஜாபேஸ்.

"அண்ணே... எல்லாரும் ஆமென் போட்டுருக்காங்கண்ணே."

"ஆமா தம்பி, தைரியமா இரு. சபையே ஜெபிக்குது."

"சரிண்ணே... அதுல யாருண்ணே வர்றாங்க?"

அண்ணன் பிசைஞ்ச சோத்த அப்படியே வச்சிட்டாரு. ஏன் தெரியுமா? அவரு லைசென்ஸ்ல என்ன ரத்த வகைன்னு போட்டிருக்கு? சொல்லுங்க... சத்தமா! ஓ நெகட்டிவ்! மறந்துட்டாரா? இல்ல மக்கா. ஊசின்னா பயம். அந்தப் பயத்த ஜெபத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தாரு.

"நான் வர்றேன்டா!" கையக் கழுவினாரு, பைக்க எடுத்துட்டாரு.

ஆஸ்பத்திரில படுக்க வச்சு நர்ஸ் கேக்குறாங்க, "சார், கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்றீங்களா, பயப்படுறீங்களா?"

"ரெண்டும்தான் சிஸ்டர்... சீக்கிரம் குத்துங்க!"

சாயங்காலம் டாக்டர் வெளிய வந்தாங்க. "ரத்தம் நின்னுருச்சுப்பா. இனி பயமில்ல." ஜாபேஸ் அப்படியே தரையில உக்காந்து அழுறான். பக்கத்துல செல்வின் அண்ணன், கையில பஞ்சோட, அவரும் அழுறாரு. அப்பாடா...ன்னு ஒரு மூச்சு விட்டாங்க பாருங்க! அந்த அப்பாடா எந்த ஸ்டிக்கர்லயும் வராது மக்கா!

நான் ஜெபிக்காதீங்கன்னு சொல்லல. ஐயோ, பாஸ்டர் முறைக்கிறாரு பாருங்க! ஜெபிங்க, நல்லா ஜெபிங்க. ஆனா கடவுள்கிட்ட நீங்க கேக்குறது உங்க கையிலயே இருந்தா? நெஞ்சுல விசுவாசம் இருக்கு, சரி. அது செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய கிளம்ப வேண்டாமா?

இந்த வாரம் யாருக்காக ஜெபிச்சீங்க? ஒரு முகம் ஞாபகம் வருதா? அவங்க வீடு எங்கன்னு தெரியும்ல? கூட்டம் முடிஞ்சதும் பிரியாணி பந்திக்கு ஓடாம நேரா அங்க போங்க...

பிரியாணி எங்கயும் ஓடிறாது.