இடைவேளையில சொன்ன கதை

ஹலோ... ஹலோ, ஃபஸ்லான்? ... யா அல்லாஹ், இப்பதான் எடுக்கிறியா? காலைல இருந்து இருவது தரம் அடிச்சிட்டன். நீ போன வச்சிட்டு எங்க போன? ... ஓம். ... ஓம் ஓம். ... கடையிலயா? ... தனியவா இருக்கிற? ... சரி, நல்லம். ஷட்டர பாதிக்கு இழுத்து விடு. லுஹர் தொழுகை முடிஞ்சு சனம் உன்ட கடைக்கு முன்னால இருக்கிற பள்ளில இருந்து வெளிய வாறத்துக்கு முன்ன கதைச்சு முடிப்பம்.

முதல்ல அத அழி மச்சான். ... எத எண்டு கேக்கிறியா? நம்மட ஓடியோவ தான். அந்த கடத்தல் படத்துக்கு பகிடி விட்டு பேசினமே, அது. ... யூடியூப்ல இருந்து எடு, வட்ஸ்அப் குரூப்புல இருந்து எடு, உன்ட லெப்டொப்ல இருந்தும் எடு. ஒரு துண்டும் இருக்கக் கூடாது.

என்ன சத்தம் அது? ... டொக் டொக் எண்டு கேட்டிச்சே. ... ஆ, போன் திருத்துறியா. ஊரே பத்தி எரியுது, இவன் போன் திருத்துறான். ... சரி சரி, கோவிக்கல்ல. கோவம் எல்லாம் காலையோட முடிஞ்சிட்டு. இப்ப வெறும் பயம் தான் இருக்கு.

... நீ இன்னும் போட்டுக் கேக்கல்லயா? ... இடைவேளை வாற இடத்த கேளு. பாட்டு போகுது, ஓம், நீ போட்ட பாட்டு தான். பாட்டுக்கு கீழ ஆரு கதைக்கிற? நான். சொல்லுக்குச் சொல் விளங்குது. இயர்போன் போட்டா நான் எச்சில் முழுங்குறதும் கேக்குது.

... எப்படி வந்ததெண்டு என்னட்ட கேக்கிறியா? ... டேய், உனக்கு தெரியாதா? கொரோனா எண்டு தியேட்டர பூட்டினதில இருந்து நாம இப்படித்தானே செய்றம். உன்ட வீட்டுல நீ படத்த போடுற, என்ட வீட்டுல நான் போடுறன், ரெண்டு பேரும் போன்ல பகிடி விடுறம், நீ ரெக்கோட் பண்ணுற. சனம் டீவில படத்த போட்டு சத்தத்த அடக்கிட்டு நம்மட கதைய போடுது. ... ஓம். இடைவேளைல ரெக்கோடர நிப்பாட்டக் கூடாதெண்டு நீ தானே சொன்ன. நிப்பாட்டினா ரெண்டாவது பாதில நம்மட பகிடி முந்திப் போகும், வில்லன் வாறத்துக்கு முன்னமே அவன்ட மீசையப் பத்தி கதைப்பம் எண்டு. ... அதான். அந்த அஞ்சு நிமிசத்துக்கு என்ட குரல அடக்கிட்டு பாட்ட போடுவ. இந்த முறை பாட்ட போட்ட. குரல அடக்க மறந்திட்ட.

... வில்லனுக்கு நம்மட ஊர் ஹயாத்து முதலாளிட குரல போட்டது பிழையா? பிழை தான், ஓம். ... எப்படி போட்டனா? உனக்கு மறதி கூடிப் போச்சு. “படகு வரும். மூட்டை இறங்கும். ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது. விளங்கிச்சா?” ... ஹயாத்து முதலாளிய அறிஞ்ச ஆள் ஒவ்வொருத்தனும் சிரிச்சு விழுந்தான். படத்துல தலைவர் ஹெலிகொப்டர்ல இருந்து பாயேக்க, கற்பிட்டி பஸ்ஸுல இறங்குற மாதிரி இறங்குறார் எண்டு நான் சொன்னதுக்கு நீ மூச்சுத் திணறச் சிரிச்ச. ... இப்ப ஒரு சிரிப்பும் இல்ல உன்னட்ட. விளங்குது. நானும் சிரிக்கிற நிலைல இல்ல.

... நான் எங்க எண்டா? வண்ணாத்திவில்லுல. எங்கட மூத்தவ றிஸ்மினா ராத்தாட வீட்டுல வந்து கிடக்கிறன். காலைல ஆரோ ரெண்டு பேர் தில்லையடில எங்கட வீட்டு வாசல்ல பைக்க நிப்பாட்டி வச்சிட்டு நிண்டாங்க. ஒண்டும் கேக்கல்ல. சும்மா நிண்டாங்க. நான் பின் வேலியால வந்திட்டன். செருப்பும் போடல்ல மச்சான். ... எந்த இடமா? கஜு தோட்டத்துக்கு இந்தப் பக்கம். பெருநாளைக்கு வந்து ரெண்டு கோப்பை வட்டலப்பம் திண்டுட்டுப் போன வீடு, உனக்கு தெரியாதா? ... ஏன் கேக்கிற? ... வாறியா? வராத. நீ வந்தா உனக்கு பின்னால அவனுகளும் வருவானுகள்.

தட்டுறத கொஞ்சம் நிப்பாட்டு. விசர் பிடிக்குது.

... என்ன கண்ட எண்டு கேக்கிறியா? அதான் இடைவேளைல உனக்கு சொன்னனே. ... திருப்பியுமா? ... சரி. லொறிக்கார ஜபார் நானாவ பொலிஸ் மஞ்சளோட பிடிச்ச அண்டைக்கு, சுபஹ் தொழுதிட்டு நான் குறிஞ்சிப்பிட்டிக்கு மீன் எடுக்கப் போனன். கரையில ஃபைபர் போட் நிக்குது, மூட்டை இறங்குது. வெளிநாட்டு மஞ்சளுக்கு தடை போட்டதில இருந்து இப்படிக் கள்ளமா இறக்கிறது ஆருக்கும் புதுசில்ல. ஆனா கரையில நிண்டது ஹயாத்து முதலாளி. ஜபார் நானாட லொறிக்கு அவரே பின் கதவ திறந்து விட்டார். “என்ன முதலாளி மூட்டை?” எண்டு ஜபார் நானா கேட்டார். “கருவாடு. ஏத்து. விளங்கிச்சா?” ... ஓம், மேல ரெண்டு மூட்டை கருவாடு தான். கீழ முழுக்க மஞ்சள். அது ஜபார் நானாக்கு தெரியாது மச்சான். வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா அந்த மனுசனுக்கு தெரியாது. வாடகைக்கு லொறி ஓட வந்த ஆள்.

... நான் மட்டும் தான் கண்டன். வேற ஒருத்தரும் இல்ல. ... ஓம், நான் மட்டும்.

ஜபார் நானா ஜெயிலுக்குள்ள போய் ரெண்டு மாசம். முதலாளி என்ன செஞ்சார்? பள்ளில, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு, சனத்துக்கு முன்னால குர்ஆன கையில எடுத்து அந்த லொறிக்கும் தனக்கும் சம்பந்தமில்ல எண்டு சத்தியம் பண்ணினார். நான் மூணாவது வரிசையில இருந்தன். என்ட வாய் திறக்கல்ல. அத உள்ளுக்கு வச்சு வச்சு தான் அண்டைக்கு இடைவேளைல உன்னட்ட கொட்டினது. உனக்கு மட்டும் எண்டு நெனச்சுக் கொட்டினன்.

இண்டைக்கு காலைல மர்ளியா ராத்தா எடுத்தா. ஓம், ஜபார் நானாட பொஞ்சாதி. ஓடியோவ கேட்டிருக்கா. அழுறா. “தம்பி, நீங்க கண்டத கோட்டுல வந்து சொல்லுங்க, புதன் கிழமை கேஸ் இருக்கு” எண்டு கெஞ்சுறா. ... நான் என்ன சொல்ற? போன வச்சிட்டன். ... போக மாட்டன் மச்சான். எனக்கு ஏலாது. படத்துல வாற வில்லனுக்கே கதவ பூட்டிட்டு தான் பகிடி விடுறன், நான் எங்க கோட்டுக்கு போறது? அத அழிச்சிடு, நான் பேசாம கிடக்கிறன், முதலாளியும் மறந்திடுவார்.

... பொறு. நீ என்ன என்னையே பிழை சொல்ற? அண்டைக்கு நான் முதலாளிட பேர எடுத்த உடனே நீ தட்டின தானே. மேசைல. எனக்கும் கேட்டிச்சு, ஓடியோலயும் கேக்குது. நம்மட சட்டம் என்ன? ஒரு தட்டு எண்டா தொடங்கு. ரெண்டு தட்டு எண்டா வாய மூடு, இத வெட்டணும். தட்டின நீயே வெட்ட மறந்தா நான் என்ன...

...

...

ஃபஸ்லான்.

... நீ உண்மைலயே போன் திருத்துறியா?

... இல்ல, சொல்லு. போன எடுத்ததில இருந்து தட்டிட்டு இருக்கிற. ரெண்டு ரெண்டா. நான் இடத்த சொல்லேக்கயும் தட்டின. கண்டத சொல்லேக்கயும் தட்டின. தெரிஞ்சத எல்லாம் தெரியாத மாதிரி கேட்ட.

... ஆரு அங்க? ... பின்னால ஆரோ கதைச்சாங்க. “விளங்கிச்சா” எண்டாங்க. ... மச்சான், இது நான் போட்ட குரல் இல்ல.

...

அஸ்ஸலாமு அலைக்கும், முதலாளி.

... ஓம் முதலாளி. ரிப்கான் தான். ஹமீட்ட மகன். ... இல்ல முதலாளி, நடுங்கல்ல. ... ஓம், நடுங்குறன்.

... அது பகிடி முதலாளி. எல்லாம் பகிடி. படத்துக்கு நாங்க சும்மா விடுற கதை. நான் அண்டைக்கு கரைக்கே போகல்ல. ... இப்ப சொன்னதா? அதுவும்... அதுவும் பகிடி தான். ... மீனா? அண்டைக்கு மீன் எடுக்கல்ல. வீட்டுல பருப்பு. ... உங்கட குரல் இல்ல முதலாளி, அது பொதுவா ஒரு வில்லன்ட குரல். ... ஓம். வில்லன் எண்டு சொல்லியிருக்கப்படாது. மன்னிச்சுக் கொள்ளுங்க.

ஃபஸ்லானுக்கு போன குடுங்க முதலாளி. ஒரு நிமிசம். ... மச்சான்? அடிச்சாங்களா? ... “இல்ல”யா, “இன்னும் இல்ல”யா? ... எத்தன பேர்? ... ஆ. ... மூணு பேர். ஷட்டர இழுத்து விட சொன்னதும் நான் தான். என்ட வாய தைக்கணும்.

... ஓம் முதலாளி, கேக்குது. ... ஓம். ... ஓம். ... போன்ல சொன்னா போதுமா? ... ஃபஸ்லான் ரெக்கோட் பண்ணுவான், அதையே எல்லா குரூப்புக்கும் போடணும். சரி. சொல்றன். “நான் சொன்னது பகிடி, சிரிக்கிறதுக்காக கட்டினது, பெரிய மனுசன்ட பேர எடுத்தது பிழை.” இது காணும் தானே?

... சத்தியமா?

... முதலாளி, பகிடி எண்டு நூறு தரம் சொல்றன். பள்ளி வாசல்ல நிண்டும் சொல்றன். கால்ல விழச் சொன்னா விழுறன். சத்தியம் மட்டும் கேக்காதீங்க. பொய்ச் சத்தியத்துக்கு எனக்கு பயம். எல்லாருக்கும் பயம் இருக்கும் எண்டு தான் நெனச்சிருந்தன், அண்டைக்கு அந்த ஜும்ஆ வரைக்கும்.

... இல்ல. ... இல்ல முதலாளி, நான் உங்கள ஒண்டும் சொல்லல்ல. வாய் தவறிட்டு. ... றிஸ்மினா ராத்தாவ இதுக்குள்ள எடுக்காதீங்க. அவக்கு ஒண்டும் தெரியாது, ரெண்டு சின்னப் பிள்ளைகளோட இருக்கிறா. ... ஓம், நான் தான் சொன்னன். கஜு தோட்டத்துக்கு இந்தப் பக்கம் எண்டு நான் தான் என்ட வாயால சொன்னன்.

... அவன்ட கைய விடச் சொல்லுங்க. கேக்குது எனக்கு. விடச் சொல்லுங்க முதலாளி, அந்தக் கையால தான் அவன் உழைக்கிறான்.

... சரி. ... சரி, சரி. பண்றன். சத்தியம் பண்றன். அவன விடுங்க, ரெக்கோடர போட விடுங்க. நான் ஒரே மூச்சுல சொல்லிடுறன், திருப்பிச் சொல்ல எனக்கு ஏலாது.

ராத்தா... இல்ல, ஒண்டும் இல்ல ராத்தா. ஃபஸ்லானோட கதைக்கிறன். நீங்க பிள்ளைகள கூட்டிட்டு முன் வீட்டுக்கு போங்க. ... கேக்காதீங்க, இப்பவே போங்க. அடுப்ப நான் பாக்கிறன்.

ஹலோ? ... இருக்கிறன் முதலாளி.

மச்சான், நீ கேக்கிறியா? ... வழமை போல தான். நீ ஒரு தட்டு தட்டு, நான் தொடங்குறன். ... அழாத. நான் அழல்ல பாரு. ... சரி, நானும் தான். நீ தட்டு.

...

ஒண்டு. கேட்டிச்சு.

பிஸ்மில்லாஹிர் றஹ்மானிர் றஹீம். நான் தில்லையடி ஹமீட்ட மகன் ரிப்கான். எங்கட ஓடியோல, இடைவேளை வாற இடத்துல, நான் சொன்ன கதை... ஜபார் எண்டவர்ட லொறியப் பத்தி நான் சொன்ன கதை... நான் ஒண்டையும் என்ட கண்ணால... வல்...

...

...

ரெண்டு.

... இல்ல முதலாளி, லைன் நல்லா தான் இருக்கு. நான் தான் நிப்பாட்டினன். ... ஆரு தட்டினதெண்டு அவன்ட முகத்த பாருங்க, தெரியும். அவன் மறைக்க மாட்டான்.

கேட்டிச்சு மச்சான். ரெண்டும் கேட்டிச்சு. ... கத்தாதீங்க முதலாளி, லுஹர் முடிஞ்சு, சனம் உங்கட முதுகுக்கு பின்னால தான் பள்ளில இருந்து இறங்கி வருது. மச்சான், ஏலுமெண்டா ஷட்டர தூக்கு. சத்தமா தூக்கு, சனம் திரும்பிப் பாக்கட்டும்.

... ஓம் முதலாளி, பயம் தான். இன்னும் நடுங்கிட்டு தான் நிக்கிறன், செருப்பும் இல்ல. மர்ளியா ராத்தாட நம்பருக்கு தான் இப்ப எடுக்கப் போறன். புதன் கிழமை எத்தன மணிக்கு வரணும் எண்டு கேக்கணும்.

... இந்த முறை நீ மறக்கல்ல மச்சான். நானும் மறக்கல்ல. வெட்டுறன்.