ஒரு மழைக்காலப் பேரரசன்

டீயில் சர்க்கரை வேண்டாம், சார். என் மாமனாருக்குச் சர்க்கரை ஆகாது. அவர் எதிரில் இனிப்பாகக் குடிக்க மனம் வராமல் நானும் விட்டுவிட்டேன். அப்படியே பழகிவிட்டது.

அவருக்கு நினைவு தப்பிப்போன பிறகு குளிப்பாட்டியது, ஊட்டிவிட்டது, நகம் வெட்டியது எல்லாம் நான்தான். என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். மச்சானுக்குத் தனி வீடு. எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்றுதான் சொல்வார்கள்.

மாமாவும் நானும் நெருக்கமானது காசுகளால். வெள்ளிக் காசுகள், அதுவும் ஒரே ஒரு பேரரசனுடையவை. மழைக்காலத் தொடக்கத்தில் அரியணை ஏறியவன். மழை ஓய்வதற்குள் அவனுடைய தம்பியே அவனைத் தீர்த்துவிட்டான். தீர்த்த கையோடு, அண்ணன் முகம் பதித்த காசுகளையெல்லாம் திரட்டி உருக்கச் சொன்னான். தப்பியவை சொற்பம். மாமா ஆயுள் முழுக்க அலைந்து கொஞ்சம் சேர்த்தார். அவற்றில் ஒன்று சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது. அவசரத்தில் அடித்ததால் அரசனின் முகம் ஓரத்துக்கு நழுவி, அவன் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பவன்போல் இருப்பான். அதைப்போல இன்னொன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

"இது உங்களுக்குத்தான் மாப்பிள்ளை" என்று தெளிவாக இருந்த காலத்தில் மாமா பலமுறை சொல்லியிருக்கிறார்.

போன மாதம் மச்சான் ஒரு காசு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் விற்கப்போகிறாராம்.

"அந்தச் சின்னக் காசை மாமா எனக்குத் தர்றதாச் சொல்லியிருக்காரு மச்சான்" என்றேன்.

"அப்பாவுக்கு இப்ப நான் யாருன்னே தெரியல மாப்ள. அவர் சொன்னதையெல்லாம் பிடிச்சிக்கிட்டு நிக்க முடியுமா?" என்று சிரித்தார்.

மாமா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காசு அவர் கையில்தான் இருந்தது. அதைக் கொடுத்து வைத்தால்தான் அமைதியாக இருப்பார். கூடத்தில் புதுக் குரல் கேட்டதும் மிரண்டுபோய், அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டார். அறை வாசலில் நின்ற நான் மட்டும்தான் பார்த்தேன்.

மச்சான் வீட்டையே புரட்டிப்போட்டார். "தெரியலையே மச்சான்" என்று நானும் கூடவே தேடினேன். காசு பத்திரமாகத்தான் இருந்தது. இரண்டொரு நாளில் தானாக வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

வரவில்லை. தொண்டைக்குக் கீழே எங்கோ சிக்கிக்கொண்டது. ஊட்டியதெல்லாம் திரும்பி வந்தது, எச்சில்கூட இறங்கவில்லை. மாமாவுக்குப் பேச்சு போய் ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் என்னைக் கண்டதும் வாயை அகலத் திறந்து, விரலால் உள்ளே காட்டுவார். நான் வாயைத் துடைத்துவிட்டு, மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைப்பேன்.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண், கெட்டிக்காரி.

"எதையாவது முழுங்கிட்டாரா?"

"இல்ல டாக்டர். நான் கூடவேதானே இருக்கேன்."

"எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமே."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரின்னா மிரண்டுடுவாரு. இந்த வயசுல அவரைப் படுத்த வேணாம்" என்றேன்.

"இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எக்ஸ்ரேயில் தெரிந்தால் மச்சானுக்கும் தெரியவரும். அதோடு, இடுக்கி போட்டு எடுத்தால் கீறல் விழும். வெள்ளி மிருதுவான உலோகம், சார்.

அந்த வாரமே நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இரைத்து, மாமா அடங்கிவிட்டார். மச்சான் மின்தகனத்துக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினார். நான் ஒரே பிடியாக நின்றேன். "நெருப்புன்னா மாமாவுக்கு எப்பவும் பயம். மண்ணுக்குள்ள நிம்மதியாத் தூங்கட்டும் மச்சான்." அப்படியொரு பயம் அவருக்கு இருந்ததே இல்லை. அந்த உலைச் சூட்டில் வெள்ளி தாங்காது. மச்சான் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, சரி என்றார்.

மற்றது உங்களுக்கே தெரியும். இடுகாட்டுக் காவல்காரர் மதியம் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துப் போனேன். மண் இன்னும் இறுகியிருக்கவில்லை. முதலில் மாமாவின் முகத்தைக் கைக்குட்டையால் மூடினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. கத்தி புதிது. காவல்காரர் திரும்பி வந்து அலறியபோது என் வேலை முடிந்திருந்தது. நான் ஓடவில்லை.

நேற்று என் மனைவி வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா வாயத் திறந்து காட்டினாரே, எதுக்குன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

அவள் திரும்பிப் போய்விட்டாள். கோபம் ஆறினால் புரிந்துகொள்வாள். நான் அவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, சார். எனக்கென்று சொன்னதை, அவர் போகும்வரை பொறுமையாகக் காத்திருந்து எடுத்துக்கொண்டேன்.